ஏஜென்ட் கைக்கு வந்துசேர்ந்த டிக்கெட் பணம்: ஐந்து வருஷம் ஆனால் செல்லாதா?

கேள்வி: நான் கீழக்கரை. என் கணவர் துபாயில் டிரைவர். நான், இரண்டு பிள்ளைகள், மாமியார் என நாலு பேரும் துபாய் போய்வர, 2020 ஜனவரியில் ராமநாதபுரத்தில் ஒரு டிராவல் ஏஜென்டிடம் டிக்கெட் போட்டோம். ஏப்ரல் 17, சென்னையிலிருந்து, இந்திய விமானம். மொத்தம் 96,000 ரூபாய். 40,000 வங்கி மூலம், மீதி ரொக்கம். கையால் எழுதிய ரசீது இருக்கிறது. கொரோனாவில் விமானம் ரத்தானது. அன்றிலிருந்து 'கம்பெனி இன்னும் தரவில்லை' என்றே ஏஜென்ட் சொல்லிவந்தார். 2023 மே மாதம்கூட வாட்ஸ்அப்பில் 'ஏர்லைன்ல இருந்து வந்ததும் தர்றேன் லாத்தா (அக்கா)' என்று எழுதினார். போன மாதம் என் தம்பி விமான நிறுவனத்துக்கே மெயில் போட்டதில், 2021 ஜூனிலேயே 91,200 ரூபாயை ஏஜென்ட் கணக்குக்கு அனுப்பிவிட்டதாகப் பதில் வந்தது. அதைக் காட்டினால் 'ஐந்து வருஷம் ஆச்சு, இனி கோர்ட்டுக்குப் போனாலும் செல்லாது, வேண்டுமானால் ஜமாத்தில் பேசி பாதி வாங்கிக்கொள்ளுங்கள்' என்கிறார். மாமியார் இடையில் மவுத்தாகிவிட்டார்கள். மகன் வேலை பார்க்கும் ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. என் கணவர் துபாயில் எடுத்த டிக்கெட்டுக்கும் (2020 மே, வெளிநாட்டு விமானம்) பணம் வரவில்லை. வெளிநாட்டில் சிக்கியவர்களை ஊர் கூட்டிவர அரசு விட்ட வந்தே பாரத் விமானத்துக்குத் தனியாகக் காசு கட்டித்தான் அவர் ஊர் வந்தார். எங்களுக்கு வழி உண்டா?

பதில்:

சகோதரி, வழி உண்டு. பாதியில் நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். ஆனால் 'செல்லாது' என்று ஏஜென்ட் சொன்னது முழுக்கப் பொய்யும் இல்லை, அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அவர் சொல்வதில் எது உண்மை, அது உங்கள் வழக்கில் ஏன் எடுபடாது என்பது உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் பணம் எப்படி அங்கே போனது என்று பார்த்துவிடுவோம். 2020 மார்ச் 22 முதல் வெளிநாட்டு விமானங்கள் இந்தியாவில் இறங்குவது நிறுத்தப்பட்டது, 25ஆம் தேதியிலிருந்து உள்நாட்டு விமானமும் இல்லை. வழக்கமான சர்வதேசச் சேவை முழுதாகத் திரும்பியது 2022 மார்ச் 27 அன்றுதான். அந்த 2020இல் உலக அளவில் சர்வதேச விமானப் பயணம் முந்தைய வருஷத்தைவிட 75 சதவீதத்துக்கும் மேல் விழுந்துபோனது. புதிதாக டிக்கெட் வாங்க ஆள் இல்லை, பழைய டிக்கெட்டுக்கோ எல்லாரும் ஒரே நேரத்தில் பணம் கேட்கிறார்கள். விமான நிறுவனங்கள் கையைப் பிசைந்துகொண்டு, பணத்துக்குப் பதிலாக 'கிரெடிட் ஷெல்' என்று ஒன்றைக் கொடுத்தன, அதாவது உங்கள் பணம் எங்களிடம் இருக்கிறது, பிறகு பறந்துகொள்ளுங்கள் என்று ஒரு வரவுக் கணக்கு. இதை எதிர்த்து பிரவாசி லீகல் செல் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2020 அக்டோபர் 1 அன்று தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பைப் பலரும் 'எல்லாருக்கும் உடனே முழுப் பணம்' என்று புரிந்துவைத்திருக்கிறார்கள். அது அப்படி இல்லை. ஊரடங்குக் காலத்தில், அதாவது 2020 மார்ச் 25 முதல் மே 24க்குள், அதே காலத்துப் பயணத்துக்கு டிக்கெட் போட்டவர்களுக்குத்தான் பிடித்தம் இல்லாமல் உடனே முழுப் பணம். நீங்கள் ஜனவரியிலேயே போட்டுவிட்டீர்கள், அதனால் 'மற்றவர்கள்' என்ற வரிசையில் வருகிறீர்கள். அந்த வரிசைக்கு உத்தரவு இதுதான்: விமான நிறுவனம் 15 நாளில் பணத்தைத் தர முயல வேண்டும், நிதி நெருக்கடியால் முடியாவிட்டால் 2021 மார்ச் 31 வரை பயன்படுத்தும்படி கிரெடிட் ஷெல் தர வேண்டும், அந்தத் தேதிக்குள் பயன்படுத்தாமல் போனால் கட்டணத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டும். ஏஜென்ட் மூலம் போட்ட டிக்கெட்டாக இருந்தால், பணம் எந்தக் கணக்கிலிருந்து விமான நிறுவனத்துக்கு வந்ததோ அதே கணக்குக்குத் திரும்பிப் போக வேண்டும் என்றும் சொன்னார்கள்.

கடைசி வரியைக் கவனியுங்கள். நீங்கள் கொடுத்த ரொக்கமும் வங்கிப் பணமும் ஏஜென்ட் கணக்கு வழியாகத்தான் விமான நிறுவனத்துக்குப் போயிருக்கும். அதனால் 2021 ஜூனில் பணம் அவர் கணக்குக்கே திரும்பியது. அதில் தவறில்லை. அதை அவர் உங்களிடம் கொடுக்காததுதான் தவறு. அது அவருக்கு வந்த வருமானம் இல்லை, உங்களுக்காக அவர் கைக்கு வந்த உங்கள் பணம்.

சரி, இவ்வளவு நடந்தும் உங்களுக்கு ஏன் ஒரு தகவலும் வரவில்லை? நீங்கள் அனுப்பிய டிக்கெட் பிரதியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே உங்கள் நாலு பேர் பெயரும் சரியாக இருக்கிறது. கீழே தொடர்பு எண், மெயில் என்ற இடத்தில் இருப்பது உங்களுடையது இல்லை. ரசீதின் தலைப்பில் அச்சாகியிருக்கிற கடை நம்பரும் அதுவும் ஒன்றுதான். விமானம் ரத்து, கிரெடிட் ஷெல், பணம் அனுப்பியாகிவிட்டது என்று எத்தனை செய்தி வந்திருந்தாலும் அத்தனையும் அவர் போனுக்குத்தான் போயிருக்கும். நம் கடற்கரை ஊர்களில் தொண்டி தொடங்கி தேவிபட்டினம், பெரியபட்டினம், ஏர்வாடி வரை சபர் (வெளிநாட்டுப் பயணம்) போகிற வீடுகளில் பாதிப் பேர் டிக்கெட் இப்படித்தான் போடப்படுகிறது. ஏஜென்ட் நல்லவராக இருந்தால் யாருக்கும் இது தெரியவே வராது. இனி டிக்கெட் போடும்போது உங்கள் நம்பரைத்தான் போடச் சொல்லுங்கள், போட்டதும் வாங்கிப் படித்துப் பாருங்கள்.

இப்போது காலக்கெடு. நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய இரண்டு வருஷம். சிவில் நீதிமன்றத்தில் பணத்துக்கு வழக்குப் போட மூன்று வருஷம். கொரோனாவுக்காக 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான நாட்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்படி 2021 ஜூனில் பணம் வந்தது உங்களுக்கு அப்போதே தெரிந்திருந்தால், இரண்டு வருஷக் கெடு 2024 பிப்ரவரியோடும் மூன்று வருஷக் கெடு 2025 பிப்ரவரியோடும் முடிந்திருக்கும். ஏஜென்டோ, அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரோ இதைத்தான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆனால் உங்களுக்குத் தெரியவில்லையே. தெரியாமல் இருந்தது உங்கள் அசட்டையாலும் இல்லை, அவர் மறைத்ததால். காலவரையறைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது: எதிராளி மோசடியாக மறைத்ததால் ஒருவருக்குத் தன் உரிமை தெரியாமல் போனால், அந்த மறைப்பு அவருக்குத் தெரியவந்த நாளிலிருந்துதான் கெடு ஓடத் தொடங்கும், அல்லது சாதாரணக் கவனத்தோடு விசாரித்திருந்தால் எப்போது தெரிந்திருக்குமோ அந்த நாளிலிருந்து. உங்களுக்குத் தெரிந்தது போன மாதம். 'முன்பே ஏன் விமான நிறுவனத்தைக் கேட்கவில்லை' என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். அதற்குப் பதில் அவர் கையாலேயே எழுதிய அந்த 2023 மே மாத வாட்ஸ்அப் செய்தி. பணம் கணக்குக்கு வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிற நேரத்தில் 'வந்ததும் தர்றேன்' என்று எழுதியிருக்கிறார். நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், அவர் பொய் சொல்லியிருக்கிறார், நீங்கள் நம்பியிருக்கிறீர்கள். இந்த வழக்கில் உங்கள் கையில் இருக்கிற காகிதங்களிலேயே கனமானது இந்த ஒரு வரிதான் என்று நினைக்கிறேன், ரசீதைவிடவும். அந்தப் போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், அந்த உரையாடலில் ஒரு செய்தியைக்கூட அழிக்காதீர்கள். மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும் (முன்பு பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு என்பார்கள், இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவு), அதை வழக்கறிஞர் தயார் செய்துகொடுப்பார். தம்பியின் மெயிலுக்கும் இதே விதிதான், பதில் அவர் கணக்கில் அப்படியே இருக்கட்டும்.

எங்கே போவது? ராமநாதபுரத்தில் இருக்கிற மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போங்கள் என்பதே என் யோசனை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம், ஐந்து லட்சம் வரையான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது. புகாரோடு, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு ஒன்றையும் சேர்த்தே போட்டுவிடுங்கள். கெடு போன மாதம்தான் தொடங்கியது என்பது நம் வாதம். அதை ஆணையம் ஏற்காவிட்டாலும், தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க 69ஆவது பிரிவு இடம் தருகிறது. ஒரு கதவு மூடினால் இன்னொன்று திறந்திருக்க வேண்டும் இல்லையா. அதற்கு முன்னால் ஏஜென்டுக்கும் விமான நிறுவனத்துக்கும் 15 நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகையோடு தபாலில் வக்கீல் நோட்டீஸ். இதைத் தள்ளிப்போட வேண்டாம், இனி ஓடுகிற ஒவ்வொரு நாளும் உங்கள் கணக்கில்தான் ஓடும்.

விமான நிறுவனத்தை ஏன் சேர்ப்பது என்று தோன்றலாம். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதியில், ஏஜென்ட் மூலம் வாங்கிய டிக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே, ஏஜென்ட் அவர்களுடைய பிரதிநிதி என்று சொல்லியிருந்தது. அதே சமயம் 'வந்த கணக்குக்கே அனுப்பு' என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருப்பதால் அவர்களிடமும் வலுவான பதில் இருக்கிறது, அவர்களிடமிருந்து இரண்டாவது முறை பணம் வரும் என்று நான் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். ஆனால் அவர்களும் வழக்கில் ஒரு தரப்பாக இருந்தால்தான் எந்தத் தேதியில் எந்தக் கணக்குக்கு எவ்வளவு போனது என்ற பதிவேட்டை ஆணையத்தின் முன் வைப்பார்கள். அது வந்துவிட்டால் ஏஜென்ட் வாய் திறக்க முடியாது.

எவ்வளவு கேட்பது? 96,000 முழுதாகக் கேளுங்கள். விமான நிறுவனம் அனுப்பிய 91,200க்கும் இதற்கும் உள்ள 4,800 தன் சேவைக் கட்டணம் என்று அவர் சொல்லலாம், ஆனால் ரசீதில் அப்படிப் பிரித்து எழுதவில்லை, 'டிக்கெட் 4, முழுத்தொகை பெற்றேன்' என்றுதான் இருக்கிறது. 2021 ஜூனிலிருந்து வட்டியும், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடும் தனியாகக் கேட்கலாம். மாமியார் பங்குக்கு வாரிசுச் சான்றிதழ் தேட வேண்டுமோ என்ற கவலை வேண்டாம், நாலு டிக்கெட்டுக்கும் பணம் கொடுத்தது நீங்கள், நுகர்வோர் நீங்கள்தான்.

ஜமாத்தில் பேசுவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஊரோடு வாழ்கிறவர்களுக்கு அது நல்ல வழியாகவும் இருக்கும். ஆனால் முழு அசலுக்குக் குறையாமல் பேசுங்கள், 'இத்தோடு பாக்கி இல்லை' என்ற வெள்ளைத்தாளில் பணம் கைக்கு வருமுன் கையெழுத்துப் போடாதீர்கள். தவணையாகத் தருகிறேன் என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து, மக்கள் நீதிமன்றத்தில் அந்த உடன்பாட்டைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வழக்குப் போடுவதற்கு முன்பேகூட இதைச் செய்யலாம், கட்டணம் இல்லை, அங்கே எழுதியது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். தவணை தவறினால் நேரே நிறைவேற்று மனுப் போடலாம். காவல் நிலையத்தில் நம்பிக்கை மோசடி என்று புகார் கொடுக்கவும் இடம் உண்டு, ஆனால் அதை முதல் அடியாக வைக்காதீர்கள். 'இது சிவில் விவகாரம்' என்று திருப்பி அனுப்பினால் நாட்கள்தான் வீணாகும்.

உங்கள் கணவரின் டிக்கெட் வேறு கதை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இந்தியாவிலிருந்து புறப்படும்படி போட்ட டிக்கெட்டுகளைப் பற்றியது. துபாயில் வாங்கி, துபாயிலிருந்து புறப்படும் வெளிநாட்டு விமானத்துக்கு அந்த நிறுவனத்தின் நாட்டு விதிதான். அவர் அங்கேயே இருப்பதால், டிக்கெட் எண்ணோடு விமான நிறுவனத்தின் துபாய் அலுவலகத்துக்கு எழுதி, பணம் திருப்பப்பட்டதா, யாருக்கு என்று முதலில் கேட்கட்டும். டிக்கெட் விற்ற கடைக்காரரைக் கேட்க வேண்டாம். வந்தே பாரத் விமானத்துக்குக் கட்டியது திரும்பாது, அந்தப் பயணம் நடந்துவிட்டது. இதை உங்கள் புகாரோடு சேர்த்துக் குழப்பாதீர்கள்.

ஒன்று மட்டும் இன்றே செய்யுங்கள். ரசீது கார்பன் தாளில் எழுதியது, போட்டோவில் பார்க்கும்போதே '56,000' என்ற எண்ணில் ஆறு மங்கிக்கொண்டு வருகிறது. இரண்டு நகல் எடுத்து வையுங்கள். அசலை பிளாஸ்டிக் உறையில் மடிக்காமல் வையுங்கள், பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். கையெழுத்து தன்னுடையதல்ல என்று அவர் சொன்னால் அந்தத் தாளைத்தான் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். 40,000 ரூபாய் போன 2020 ஜனவரி மாதத்து வங்கிக் கணக்கு விவரத்தை, கிளையில் எழுதிக் கொடுத்து முத்திரையோடு வாங்கிவிடுங்கள்.