பட்டியல் போட்டும் வேலை முடியவில்லையா? கேள்வி பதில்

வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் சின்ன அலுவலகம் என்னுடையது. பிறவியிலேயே மறதிக்காரன், தேதி தவறினால் அபராதம் கட்டும் தொழிலில் மாட்டிக்கொண்டதால் வேலைகளை எழுதி முடிக்க ஒரு வழிமுறை வைத்துக்கொண்டேன். கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

தினமும் எழுதுகிறேன் சார். பாதி அப்படியே நிற்கிறது. மறுநாளுக்கு மாற்றி எழுதியே நோட்டு தீர்கிறது.

"பைக் இன்சூரன்ஸ்" என்றுதானே எழுதியிருப்பீர்கள்? அது வேலை இல்லை, தலைப்பு. "பீரோவில் பழைய பாலிசியை எடுத்து, முடியும் தேதியைப் பார்" என்று எழுதிப் பாருங்கள். என் நோட்டில் "மாமா வீட்டுப் பட்டா" என்ற வரி ஏழு மாதம் கிடந்தது. "மாமாவிடம் போனில் சர்வே நம்பர் கேள்" என்று மாற்றினேன், அன்று சாயங்காலமே கேட்டாயிற்று. (பட்டா இன்னும் வரவில்லை, அது வேறு கதை.)

இரண்டு நிமிடத்தில் முடிவதை உடனே செய் என்கிறார்களே?

வேலைகளை ஒழுங்குபடுத்துவது பற்றி எழுதும் அமெரிக்கர் டேவிட் ஆலன், 2001இல் வந்த "கெட்டிங் திங்ஸ் டன்" என்ற தன் புத்தகத்தில் சொன்னது. நல்ல விதிதான். ஆனால் சேர்ந்த சீட்டுகளைப் பிரிக்க உட்காரும்போது மட்டும் அதைக் கையாளுங்கள். வாட்ஸ்அப் சிணுங்கும் போதெல்லாம் இரண்டு நிமிடம் கொடுத்தால் பொழுது போய்விடும். மளிகைக் கடையில் பில்லைக் கம்பியில் குத்தி வைப்பார்களே, அதுபோல் வருவதை எல்லாம் ஒரே இடத்தில் குத்துங்கள். சாயங்காலம் ஒரு தடவை உருவினால் போதும்.

எந்த ஆப் நல்லது, அண்ணா?

எதுவானாலும் சரி. மூன்று மாதத்துக்கு ஒன்று மாற்றாதீர்கள்.

தேதி வேலைகள்தான் எனக்குத் தகராறு. 7ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்த வரியைக் கட்டுவது), 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20 என்றால் 3பி (மாத ஜிஎஸ்டி கணக்கு).

மாதாமாதம் தாக்கல் செய்பவர் போலிருக்கிறது. என் அலமாரியில் 43 கோப்புகள்: நாளுக்கு ஒன்றாக 31, மாதத்துக்கு ஒன்றாக 12. காலையில் அன்றைய கோப்பைக் காலி செய்து, அடுத்த மாதக் கோப்புக்குப் பின்னால் தள்ளிவிடுவேன். 3பி தாளை 20இல் வைக்க மாட்டேன், 16இல் வைப்பேன். கடைசி நாளில் ஜிஎஸ்டி இணையதளம் படுத்தும் பாடு உங்களுக்கும் தெரியும். முன்கூட்டிய வரியின் (வருமான வரியைத் தவணையாக முன்பே கட்டுவது) 15ஆம் தேதிகளை ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் கோப்புகளில் ஏப்ரலிலேயே போட்டுவிடுகிறேன்.

நான் முடித்துவிடுகிறேன். மற்றவர்கள்தான் இழுக்கிறார்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தை அவர்களுக்கென்று ஒதுக்கி வையுங்கள். யாரிடம், என்ன, எந்தத் தேதியில் கேட்டீர்கள், இந்த மூன்றையும் அதில் எழுதினால் போதும். சனிக்கிழமை கடை சாத்துமுன் அதை மட்டும் வாசிப்பேன். "அன்றைக்கே சொன்னேனே" என்றால் சண்டை வரும். "3ஆம் தேதி பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டிருந்தேன், அண்ணாச்சி" என்றால் பெரும்பாலும் திங்கட்கிழமை பையன் கையில் கொடுத்தனுப்பிவிடுகிறார்கள்.