தட்டைப்பயற்றில் ஊரும் முள் புழுக்களை மருந்தடித்துக் கொல்லலாமா?

கேள்வி: தேவகோட்டைக்கு அருகே கிணற்றுப் பாசனத்தில் அரை ஏக்கர் தட்டைப்பயறு போட்டிருக்கிறேன். கொழுந்திலும் பிஞ்சிலும் கறுப்பு அசுவினி அப்பிக் கிடக்கிறது. அதற்கு நடுவே முதலை போன்ற கறுப்புப் புழுக்களும், கால் இல்லாத வெளிர்பச்சைப் புழுக்களும் ஊர்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து மருந்து அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?

பதில்: ஐயா, தயவுசெய்து இப்போது அடிக்காதீர்கள். தாங்கள் கண்ட இரண்டு வகைப் புழுக்களும் இலையைத் தின்பவை அல்ல, செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்பவை. முதலை போன்றது பொறிவண்டின் இளம்புழு. பொறிவண்டை எல்லோரும் அறிவோம். அதன் புழு தாயைப் போல இல்லாததால், நன்மை செய்யும் பூச்சியைப் பகை என்று எண்ணி நம் கையாலேயே கொன்றுவிடுகிறோம் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

அந்தப் புழு அசுவினியைத் தொலைவிலிருந்து கண்டு பாய்வதில்லை. பெரும்பாலும் முட்டித் தொட்ட பிறகே இரையை அறிகிறது. ஆகவே, ஒன்றும் கிடைக்காத வரையில் தண்டில் விறுவிறுவென்று நடக்கும். ஒன்றைத் தின்று முடித்ததும் நடையைக் குறைத்து, அதே இடத்தில் வளைந்து வளைந்து தேடும். அசுவினி கூட்டமாக வாழ்வதால், ஒன்று அகப்பட்ட இடத்தில் அடுத்ததும் இருக்கும். பொரித்த புதிதில் புழு இரையைக் கடித்து, தன் செரிமான நீரை உள்ளே செலுத்திச் சாற்றை உறிஞ்சும். வளர்ந்த பின் முழுதாகவே மென்றுவிடும். வளர்ந்த வண்டு ஒரு நாளில் சுமார் 50 அசுவினி வரை தின்னும்.

கால் இல்லாத வெளிர்பச்சைப் புழு, தேனீயைப் போலத் தோன்றிப் பூக்களின் மேல் அந்தரத்தில் நிற்கும் சிர்பிட் ஈயின் குஞ்சு. அதற்குக் கண்ணும் இல்லை. உடலின் பின்பகுதியை இலையில் ஒட்டிக்கொண்டு, முன்பகுதியை இடமும் வலமுமாக வீசித் துழாவும். அசுவினி தட்டுப்பட்டால் வாய்க்கொக்கியால் கோத்து மேலே தூக்கிவிடும். கால் பாவாத அசுவினி தப்ப முடியாமல் உதறிக்கொண்டிருக்க, உள்ளிருப்பதை உறிஞ்சிவிட்டு வெறும் தோலைக் கீழே போட்டுவிடும். ஒரு கைலென்ஸை வைத்துச் சில நிமிடம் பொறுமையாகப் பார்த்தால் இதைத் தாங்களே காணலாம். மயிரிழை போன்ற காம்பின் நுனியில் ஒற்றை முட்டை நின்றால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையது; அதன் புழு அரிவாள் போன்ற தாடைகளால் குத்தி உறிஞ்சும்.

அசுவினியும் சும்மா இருப்பதில்லை. பிடிபட்டது தன் பின்பக்கக் குழல்களிலிருந்து ஒரு நீரைக் கசியவிடும். அந்த வாடை எட்டியதும் அக்கம்பக்கத்தில் உள்ளவை கலைந்து நகரும், சில செடியை விட்டே விழும். அதைவிடப் பெரிய தடை எறும்பு. அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் காவல் நின்று பொறிவண்டையும் புழுக்களையும் விரட்டும். ஆகவே, முதலில் செடியின் அடியையும் வரப்பையும் பார்த்து, எறும்புப் புற்று இருந்தால் அதைக் கலைத்துவிடுங்கள்.

புழுக்கள் இல்லாமல் அசுவினி மட்டும் அப்பியிருக்கும் கொழுந்துகளைக் கிள்ளி எடுத்து அழித்துவிடலாம். மற்றவற்றில் கைத்தெளிப்பானால் வெறும் தண்ணீரை வேகமாக அடித்தாலே பெரும்பகுதி உதிரும். மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் கண்ட செடிகளை வேரோடு பிடுங்கிவிட வேண்டும், ஏனெனில் அசுவினி பரப்பும் நச்சுயிரியை எந்த இரைவிழுங்கியாலும் அந்தச் செடியிலிருந்து நீக்க முடியாது. நான்கைந்து நாள் கழித்துப் பாருங்கள். புழுக்கள் பெருகி, அசுவினி குறைந்துவந்தால் எதுவும் தெளிக்க வேண்டாம். அசுவினி புதுக் கொழுந்துகளுக்கும் பரவிக்கொண்டே போனால் மட்டும் 5 சத வேப்பங்கொட்டைச் சாற்றில் சிறிது காதி சோப்புக் கரைசலைக் கலந்து, மாலை வேளையில், அசுவினி உள்ள இடங்களில் மட்டும் தெளியுங்கள். பச்சைக்காயாகப் பறித்துச் சந்தைக்கு அனுப்புகிற பயிரில், பறிப்புக்குப் பறிப்பு இடைவெளி குறைவு என்பதால், இரசாயன மருந்தின் நஞ்சு காயிலேயே தங்கிவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.