அவர் உங்கள் நகரத்துக்குள் நுழைவது விதிப்படி சரியா?

கேள்வி: நானும் என் கொழுந்தனாரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கசோன் (படம் போட்ட சதுர அட்டைகளை, அதாவது டைல்களை, ஒட்டி ஒட்டி வைத்து நகரம், சாலை, வயல் கட்டும் மேசை ஆட்டம்) ஆடுகிறோம். நான் பாடுபட்டு ஒரு பெரிய நகரம் கட்டினால், முடியும் நேரத்தில் அவர் உள்ளே புகுந்து பாதிப் புள்ளியை எடுத்துக்கொள்கிறார். இதற்கு விதியில் இடம் உண்டா? வயல்வெளிக் கணக்கிலும் தகராறு. என்னுடைய பழைய கையேட்டில் ஒன்று இருக்கிறது, அவர் போனில் வேறொன்றைக் காட்டுகிறார். எங்களுக்கு ஆட்டம் விற்றவர், “எல்லா விரிவாக்கமும் (மூல ஆட்டத்தோடு சேர்த்து ஆடும் கூடுதல் டைல், காய், விதிகள்) சேர்ந்த பெரிய பெட்டியை வாங்கிவிடுங்கள், சண்டையே வராது” என்கிறார். வாங்கலாமா? (வாசகி, கோவை)

பதில்: பெட்டியை வாங்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் நகரத்தைப் பார்ப்போம்.

அவர் உள்ளே வரலாம். ஆனால் எந்த வழியாக வருகிறார் என்று அடுத்த முறை கண்ணைத் திறந்து பாருங்கள். உங்கள் காய் நிற்கிற நகரத்தை நேரடியாகத் தொடும்படி டைல் வைத்து, அதே நகரத்தில் தன் காயையும் வைத்தால் அது தவறு. யார் காயாவது ஏற்கெனவே நிற்கிற இடத்தில் புதிதாகக் காய் வைக்கக் கூடாது. முறையான வழி சற்றுச் சுற்று வழி. உங்கள் நகரத்தைத் தொடாமல், ஓரமாக மூலையில் ஒரு நகரத் துண்டை வைத்து அதில் தன் காயை நிறுத்துவார். பின்னர் இரண்டையும் இணைக்கும் டைல் கைக்கு வரும்போது அதை நடுவில் வைப்பார். அப்போது இரண்டும் ஒரே நகரம். எண்ணிக்கையில் யாருடைய காய் அதிகமோ அவருக்கே எல்லாப் புள்ளியும். சமமாக இருந்தால் இருவருக்குமே முழுப் புள்ளி.

“பாதிப் புள்ளி” என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு கணக்கே கிடையாது. முடிந்த, அதாவது மதில் முழுக்க மூடிய நகரத்துக்கு டைலுக்கு 2, அதில் வரைந்திருக்கும் கேடயம் ஒவ்வொன்றுக்கும் 2. பத்து டைல், இரண்டு கேடயம் என்றால் 24. ஆளுக்கொரு காய் நின்றால் உங்களுக்கும் 24, அவருக்கும் 24. இத்தனை நாளும் 12 எழுதிக்கொண்டிருந்தால் இரண்டு பேருமே ஏமாந்திருக்கிறீர்கள். அவர் இரண்டாவது காயையும் அதே வழியில் நுழைத்துவிட்டால்தான் ஆபத்து. அப்போது உங்களுக்குப் பூஜ்யம்.

தடுக்க என்ன செய்வது? ஆட்டத்தில் மொத்தம் 72 டைல். நான்கு பக்கமும் நகரமாக இருப்பது ஒன்றே ஒன்று. மூன்று பக்கம் நகரமாக இருப்பவை ஏழு. அவற்றில் நாலில் மிச்சப் பக்கம் வயல், மூன்றில் சாலை. இதை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். அவருடைய துண்டுக்கும் உங்கள் நகரத்துக்கும் நடுவே ஒரு காலி இடம் இருக்கிறது அல்லவா? அந்த இடத்தை ஒட்டி இன்னொரு பக்கத்திலும் நகர விளிம்பு வரும்படி நீங்கள் ஒரு டைல் வைத்தால், அவர் இனி அந்த ஏழெட்டு டைலுக்காகக் காத்திருக்க வேண்டும். நாலாவது பக்கத்தில் சாலையையும் கொண்டுவந்துவிட்டால் மூன்றே டைல். அதில் இரண்டு ஏற்கெனவே மேசையில் கிடந்தால், அந்தக் கதவை ஏறக்குறைய பூட்டியாகிவிட்டது. ஒன்றை மறக்காதீர்கள்: அந்தக் காலி இடத்தை மூடாமல் உங்கள் நகரமும் முடியாது என்றால், நீங்கள் பூட்டுவது உங்கள் வீட்டு வாசலையும் சேர்த்துத்தான். ஆட்டம் முடியும்போது முடியாத நகரத்துக்கு டைலுக்கும் கேடயத்துக்கும் ஒவ்வொன்றுதான்.

அதனால் நான் எல்லாரிடமும் சொல்வது, நாலைந்து டைலில் மூடிவிடுங்கள். காய் உடனே கைக்குத் திரும்புகிறது. உங்களிடம் இருப்பது ஏழு காய்தான், எட்டாவது புள்ளிப் பலகையில் நிற்கிறது. தெற்கு பிரான்சில் இருக்கும் உண்மையான கார்கசோனுக்கு இரட்டை மதிலும் 52 கோபுரங்களும் உண்டு. அந்த ஆசையில் மேசையிலும் பெரிதாகக் கட்டப் போய்த்தான் பலரும் தோற்கிறார்கள்.

இனி வயல். உங்கள் கையேடும் பொய் சொல்லவில்லை, அவர் போனும் பொய் சொல்லவில்லை. 2000-இல் ஜெர்மனியில் ஆட்டம் வெளிவந்தபோது இருந்த விதி வேறு, இப்போதைய விதி வேறு. முதல் விதியில் கணக்கை நகரத்திலிருந்து தொடங்குவார்கள்: முடிந்த ஒரு நகரத்தைச் சுற்றியுள்ள வயல்களில் எல்லாம் சேர்த்து யாருடைய உழவர் (வயலில் வைத்த காய்) அதிகமோ அவருக்கு 4. ஒரு நகரத்துக்கு ஒரு முறைதான். இப்போதைய விதியில் வயலிலிருந்து தொடங்க வேண்டும்: ஒரு வயலில் யாருக்கு உழவர் அதிகமோ, அந்த வயலைத் தொடும் முடிந்த நகரம் ஒவ்வொன்றுக்கும் அவருக்கு 3. ஒரே நகரம் இரண்டு மூன்று வயல்களுக்கும் புள்ளி தரும். இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்துவிட்டு, பெட்டியின் மேலட்டையில் எந்த விதி உள்ளே இருக்கிறது என்று ஒரு வரி கொட்டை எழுத்தில் போடக் கூடாதா? குடும்பங்கள் இதற்காகச் சண்டை போடுவதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். புதிய விதியை எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணுவது சுலபம்.

இதில் இன்னொரு சிக்கல், இரண்டே டைலில் முடியும் குட்டி நகரம். உங்கள் பழைய கையேட்டில் அதற்கு 4 கிடையாது, 2 மட்டுமே என்று இருக்கும். புதிய விதியில் இந்த விலக்கு போய்விட்டது. மற்ற நகரங்களைப் போலவே டைலுக்கு 2, ஆக 4. இங்கேதான் குழம்புகிறார்கள்: வயல் கணக்குக்கு அது இரண்டு விதியிலும் முழு நகரம்தான். கட்டும்போது குறைவாகக் கொடுத்தோமே என்று வயலிலும் குறைக்கக் கூடாது. ஒரு வயலைச் சுற்றி நாலு குட்டி நகரங்கள் இருந்தால், புதிய விதிப்படி அந்த வயல் 12 புள்ளி. பழைய நகர விதியையும் புதிய வயல் விதியையும் கலந்து ஆடாதீர்கள்.

இப்போது அந்த விற்பனையாளர். உங்கள் பிரச்சினை விதி. அவர் விற்பது அட்டை. விரிவாக்கம் சேர்த்தால் விதிகள் கூடும், தகராறு எப்படிக் குறையும்? இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. 2014-இல் படங்களை எல்லாம் மாற்றி வரைந்து புதிய பதிப்பு வந்தது. உங்களிடம் இருப்பது அதற்கு முந்தையது. இரண்டையும் கலந்தால் படம் ஒட்டாது. முதுகுப்புறத்து நிறமும் வேறுபட்டால் கவிழ்த்து வைத்திருக்கும்போதே எது எந்தப் பெட்டியின் டைல் என்று தெரிந்துவிடும், ஆட்டம் அங்கேயே கெட்டது. இதை ஒரு விற்பனையாளரும் வாய் திறந்து சொல்வதில்லை.

“எல்லாம் சேர்ந்த பெட்டி, பாதி விலை” என்றால் நகலாக இருக்கவும் வாய்ப்பு அதிகம். நானே ஒருமுறை அப்படி வாங்கினேன். டைல்கள் மெலிந்து வளைந்திருந்தன, வெட்டு கோணலாக இருந்தது, எண்ணினால் 71. திருப்பி அனுப்பக் கேட்டதற்கு, பெட்டியைப் பிரித்துவிட்டீர்களே என்றார்கள். பிரிக்காமல் எப்படி எண்ணுவது? பணம் கொடுக்கும் முன் முதுகுப்புறத்தின் படத்தையும் கையேட்டின் முதல் பக்கத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

ஏதாவது சேர்த்தே ஆக வேண்டும் என்றால் முதலில் வந்த பெரிய விரிவாக்கம், சத்திரங்களும் பேராலயங்களும் போதும். அதுவும் உங்கள் பதிப்புக்குப் பொருந்துவதாகத் தேடி எடுங்கள். அதில் வரும் பெரிய காய் ஒன்று இரண்டு காய்க்குச் சமம். உங்கள் நகரத்தைக் காக்க அது உதவும். கொழுந்தனாருக்கும் ஒன்று கிடைக்கும் என்பதால், அதே பெட்டியில் வரும் பேராலய டைல் வைத்த நகரத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போகாதீர்கள். முடிந்தால் டைலுக்கு 3, முடியாமல் நின்றுபோனால் ஒன்றுமே இல்லை.