கேளுங்கோ, சொல்லுறன்: ட்ரான்ஸ், மிக்சிங், காசு குடுத்து வேண்டுற பாட்டு

போன முறை டீஜே கொன்ட்ரோலர் எது வேண்டலாம் எண்டு எழுதினாப் பிறகு வந்த கேள்வியளில பாதி ட்ரான்ஸ் எண்ட எலெக்ட்ரோனிக் நடன இசை பற்றித்தான். யாழ்ப்பாணத்தில இவ்வளவு பேர் உதைக் கேக்கினமோ எண்டு எனக்கே புதினம். எல்லாத்துக்கும் பதில் சொல்ல இடம் காணாது, பொதுவான ஆறை எடுத்திருக்கிறன்.

கேள்வி: அண்ணை, ஒரு ட்ரான்ஸ் பாட்டு 7, 8 நிமிசம் போகுது, அதில முதல் ஒரு நிமிசம் வெறும் டும் டும் டும். பாட்டே துவங்கேல்ல. ஏன் உப்பிடி இழுக்கினம்? (கம்பஸ் பெடியன், கொக்குவில்)

தம்பி, அந்த முதல் நிமிசம் உங்களுக்கு இல்லை, டீஜேக்கு. ட்ரான்ஸ் பாட்டு பொதுவா 130 இல இருந்து 140 பீபீஎம்முக்குள்ள, அதாவது நிமிசத்துக்கு அத்தனை பீற் வேகத்தில, ஓடும். 138 எண்டு வையுங்கோ, நாலு பீற் ஒரு பார், 32 பார் போக கிட்டத்தட்ட 56 செக்கன். அந்த 56 செக்கனுக்குள்ளதான் முன்னம் ஓடுற பாட்டையும் இதையும் டீஜே ஒண்டாக் கலக்கிறார். அதால புரடியூசர் வேணுமெண்டே அந்த இடத்தில மெலடி ஒண்டும் வைக்காமல் கிக்கும் (டும் எண்ட அடி) ஹைஹற்றும் (சிக் சிக் எண்ட சத்தம்) மட்டும் வைப்பார், கடைசியிலயும் அப்பிடித்தான், ஒவ்வொண்டாக் கழட்டிக் கழட்டி வெறும் பீற்றில கொண்டுவந்து விடுவார்.

நடுவில பீற் முழுக்க நிண்டு போய் மெலடி மட்டும் மிதக்கிற இடம் ஒண்டு இருக்கெல்லே, அதுதான் பிரேக்டவுன். ட்ரான்ஸின்ர உயிரே அங்கதான். பெரிய அலை மாதிரி வாற அந்தச் சத்தம் அனேகமா சூப்பர்சோ, 90களில வந்த ரோலண்ட் ஜேபி-8000 எண்ட சிந்தசைசர்ல வந்த சாமான், ஒரு நோட்டுக்கு ஏழு சோ அலையை (வாள் பல்லு மாதிரி வடிவான ஒலி அலை) கொஞ்சம் கொஞ்சம் சுருதி விலத்தி அடுக்கி விடுறது. கன பேர் அதையே திருப்பித் திருப்பிப் பாவிச்சதாலதான் உங்களுக்கு எல்லாம் ஒரே மாதிரிக் கேக்குது, அந்தக் குறையை நானும் ஒத்துக்கொள்ளுறன்.

ஆனா ஒரே மாதிரி இல்லை. கிழக்கு ஜேர்மனியில பிறந்த பால் வான் டைக்கின்ர பாட்டைக் கேட்டுட்டு உடன இஸ்ரேல்காரர் இன்ஃபெக்டட் மஷ்ரூமைப் போட்டுப் பாருங்கோ, இரண்டும் ட்ரான்ஸ் எண்டு சொல்ல வாயே வராது. லண்டன் அபவ் அண்ட் பியொண்ட் ஆக்கள் பாட்டு வரியோட உருகுவினம். நெதர்லாந்து டியெஸ்டோ 2004 ஏதன்ஸ் ஒலிம்பிக் துவக்க விழாவில நாட்டு அணியள் நடந்து வரேக்க செற் போட்டவர், பேந்து வேற இசைப் பக்கம் போயிட்டார். ஜேர்மனியில ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் உந்த இசை முளைச்சது 90களின்ர துவக்கத்தில. அந்த நேரம் இஞ்ச கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை, சைக்கிளைக் கவிட்டு வச்சு டைனமோவைச் சுத்தித்தான் செய்தியும் பாட்டும் கேட்டது. ஆகவே நாங்கள் ஒரு தலைமுறை பிந்தி வந்து சேர்ந்ததில வெக்கப்பட ஒண்டுமில்லை.

கேள்வி: சிங்க் பட்டன் (இரண்டு பாட்டின்ர வேகத்தையும் தானே ஒண்டாக்கிறது) அமத்தி மிக்ஸ் பண்ணுறது கள்ளம் எண்டு ஒரு சீனியர் டீஜே சொல்லுறார். உண்மையோ? (சாவகச்சேரி)

அவர் வைனில் இசைத்தட்டில பழகினவராக்கும். அந்தக் காலத்துத் தட்டுச் சுத்துற மெசின் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2, 1979இல வந்தது, அதில வேகத்தை மாத்துற பிற்ச் சிலைடர் கூட்டியும் குறைச்சும் 8 சதவீதம்தான் போகும். 128இல ஓடுற பாட்டை 138க்குக் கொண்டுவர 7.8 சதவீதம் வேணும், மட்டுமட்டா எட்டும், ஆனா 6 சதவீதம் கூட்டினாலே சுருதி அரைச் சுரம் ஏறிடும், பாடுற ஆளின்ர குரல் கீச்சிடும். அதையெல்லாம் காதால கேட்டு, விரலால தட்டைத் தட்டிச் சரி பண்ணினவைக்கு பட்டன் அமத்துறவனைக் கண்டா எரிச்சல் வரும்தானே. 2001இல பயனியர் சீடிஜே-1000 எண்ட டீஜே சீடி பிளேயர் வந்ததோட கிளப்பில சீடி உள்ள வந்துது, பேந்து லப்டொப், இப்ப யூஎஸ்பி. ஒவ்வொரு முறையும் இதே சண்டைதான்.

என்ர கருத்து, சிங்க் கள்ளம் இல்லை, ஆனா அது செய்யிறது ஆகச் சின்ன வேலை. வேகத்தை ஒண்டாக்கும், அவ்வளவுதான். எந்த இடத்தில அடுத்த பாட்டை விடுறது எண்டு அதுக்குத் தெரியாது. ட்ரான்ஸ் 32 பீற்றுக்கு ஒருக்கா மூச்சு விடும், அதாவது 8 பார், அந்தத் துண்டுக்குப் பேர் பிரேஸ். புதுப் பாட்டை அந்த முதல் பீற்றில விடாமல் நடுவில விட்டீங்கள் எண்டா பீற் இரண்டும் நூல் பிடிச்ச மாதிரி ஓடினாலும் பிரேக்டவுன் ஒரு பக்கம், டிரொப் (பீற் திரும்பி விழுற இடம்) ஒரு பக்கம் எண்டு வந்து முட்டும். ஆடுற சனத்துக்கு என்ன பிழை எண்டு சொல்லத் தெரியாது, ஆனா நிண்டிடும்.

செய்யிற முறை இதுதான். புதுப் பாட்டின்ர லோ நொப்பை (பேஸைக் கூட்டிக் குறைக்கிறது) முழுக்கக் குறைச்சு வச்சிட்டு, பழைய பாட்டு கடைசி டும் டும்முக்கு வந்து புதுப் பிரேஸ் துவங்குற முதல் பீற்றில அதை விடுங்கோ. ஃபேடரை (சத்தத்தை ஏத்தி இறக்கிறது) மெல்ல மெல்ல ஏத்துங்கோ, சனத்துக்கு முதல்ல ஹைஹற் மட்டும்தான் கேக்கும். 16 பாரோ 32 பாரோ போகட்டும். பிரேஸ் மாறுற அந்த முதல் பீற்றில ஒரே நேரத்தில பழையதின்ர லோவைக் குறைச்சு புதுசின்ர லோவைத் திறக்க வேணும். இரண்டு பேஸும் ஒண்டா ஒரு செக்கனுக்கு மேல ஓடினாலே ஸ்பீக்கர் குழம்பும், அதுவும் எங்கட கலியாண மண்டபங்களில வாடைக்கு வாற சப்களில (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) சொல்லத் தேவையில்லை.

சுருதியையும் பாருங்கோ. டீஜே மென்பொருள் ஒவ்வொரு பாட்டின்ர சுருதிக்கும் 8ஏ, 9ஏ எண்டு ஒரு நம்பர் போடும். 8ஏ எண்டா ஏ மைனர். அதில இருந்து 7ஏ, 9ஏ, 8பி மூண்டுக்கும் வடிவாப் போகலாம். ஹிப்ஹொப் டீஜேமார் வெட்டி வெட்டி மாத்துறதால அவைக்கு உது பெரிசில்லை, ட்ரான்ஸில இரண்டு மெலடி ஒரு நிமிசம் ஒண்டாக் கிடக்கும், சுருதி சேராட்டி பல்லுக் கூசும்.

கோவாவில 90களில வேற முறை இருந்தது. அந்த வெயிலுக்கும் புழுதிக்கும் வைனில் வளைஞ்சு பழுதாப் போகும் எண்டு டீஜேமார் டாட் எண்ட டிஜிட்டல் ரேப்பில போட்டவை. அதில வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஏலாது, பீற் சேர்க்கிற கதையே இல்லை. அதால அந்தக் காலத்து கோவா பாட்டுகளில துவக்கமும் முடிவும் பீற் இல்லாமல் வெறும் சத்தமா நீளமாக் கிடக்கும், ஒண்டு அடங்க மற்றது எழும்பும். உங்கட சீனியரிட்ட உதைச் சொல்லிப் பாருங்கோ.

கேள்வி: யூரியூப்பில இருந்து இறக்கின பாட்டை 320 (கேபீபீஎஸ், உயர்தர எம்பி3) ஆ மாத்தி வச்சிருக்கிறன். ஏன் காசு குடுத்து வேண்ட வேணும்? (நெல்லியடி)

மாத்தினா பேர்தான் 320. உள்ள இருந்து ஏற்கனவே வெட்டுப்பட்டுப் போன சத்தம் திரும்பி வராது. ஸ்பெக் எண்டு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, பாட்டை அதுக்குள்ள போட்டால் படம் கீறிக் காட்டும். நல்ல 320 ஃபைல் எண்டா 20 கிலோஹேட்ஸ் வரைக்கும் நிறம் இருக்கும். உங்கட ஃபைல் 16 கிலோஹேட்ஸில கத்தியால வெட்டின மாதிரி நிண்டா விசயம் முடிஞ்சுது. வீட்டில ஹெட்போனில விளங்காது. திறந்த வெளியில பெரிய செற்றில போட்டால் ஹைஹற் தண்ணிக்குள்ள நிண்டு தட்டுற மாதிரி வரும்.

இன்னொரு விசயம் இதை விட முக்கியம். ஸ்ரீமிங்கில கன நேரம் முன்னுக்கு வாறது 3 நிமிச ரேடியோ எடிட், அதில முதல் சொன்ன 32 பார் இல்லை, மெலடியோடயே துவங்கும். எங்க வச்சு மிக்ஸ் பண்ணப் போறியள்? டும் டும்மோட வாற முழு நீளப் பதிப்பை, எக்ஸ்ரெண்டட் மிக்ஸைத்தான் வேண்ட வேணும். 7 நிமிசப் பாட்டு 320 எம்பி3 எண்டா 17 எம்பி, சுருக்காத வேவ் ஃபைல் எண்டா 74 எம்பி அளவில. டேட்டா பாத்துச் செலவழிக்கிற ஆக்கள் எம்பி3 வேண்டினாலே காணும். பாட்டு விக்கிற தளங்களான பீற்போர்ட், பாண்ட்காம்ப் இரண்டிலயும் எங்கட பாங்க் கார்ட் வேலை செய்யும், வெளிநாட்டுக் கொடுப்பனவை பாங்கில சொல்லித் திறந்து விட்டிருக்க வேணும், அவ்வளவுதான். கையில காசே இல்லையெண்டா எக்டோபிளாஸ்ம் எண்ட தளத்தில சைட்ரான்ஸ் (ட்ரான்ஸில ஒரு வகை) அல்பங்கள் கனக்க, போட்ட ஆக்களின்ர அனுமதியோட சும்மா கிடக்கு. களவெடுக்கத் தேவையில்லை.

கேள்வி: நான் மூண்டு ட்ராக் செய்து முடிச்சிட்டன். ஆனா இப்ப ஆர் டவுன்லோட் வேண்டினம், ஸ்பொற்றிஃபையில போட்டாக் காணாதோ? யாழ்ப்பாணத்தில இருந்து வித்தால் காசு கைக்கு வருமோ? (மானிப்பாய்)

பொதுச்சனம் வேண்டுறேல்ல, உண்மை. ஐரியூன்ஸ் கடை 2003இல துவங்கி ஒரு பாட்டு 99 சதம் எண்டு வித்தது, 2012ஐ ஒட்டி அமெரிக்காவில டவுன்லோட் உச்சத்துக்குப் போய் பேந்து இறங்கத் துவங்கினது இன்னும் நிக்கேல்ல. ஆனா டீஜேமார் வேற சாதி. அவைக்கு ஃபைல் கையில வேணும், நெற் விழுந்தாலும் பாட்டு ஓட வேணும். 2004இல டென்வரில துவங்கின பீற்போர்ட் இண்டைக்கும் நிக்கிறது அந்த ஆக்களாலதான்.

ஸ்ரீமிங்கின்ர கணக்கைப் பாருங்கோ. 30 செக்கன் கேட்டால் ஒரு ஸ்ரீம். உங்கட 8 நிமிசப் பாட்டை ஒராள் முழுக்கக் கேட்டாலும் ஒண்டு, 2 நிமிசப் பாட்டை நாலு தரம் கேட்டால் நாலு. இதுக்கு மேல 2024இல இருந்து ஸ்பொற்றிஃபையில ஒரு பாட்டு 12 மாசத்தில 1000 தரம் ஓடாட்டி சதமும் இல்லை. இந்தக் கணக்கில புரடியூசர் ஆர் 32 பார் டும் டும் வைக்கப் போகினம்? எக்ஸ்ரெண்டட் மிக்ஸ் எண்ட ஒண்டு இன்னும் உயிரோட இருக்கிறதே வேண்டுற டீஜேக்களாலதான். கொக்குவில் தம்பியின்ர கேள்விக்கும் நெல்லியடிக் கேள்விக்கும் உண்மையான பதில் இதுக்குள்ளதான் கிடக்கு.

பீற்போர்ட் தனி ஆளிட்ட நேர வேண்டாது, லேபலோ (பாட்டு வெளியிடுற கொம்பனி) டிஸ்ட்ரிபியூட்டரோ (கடையளுக்குப் பாட்டை அனுப்புறவை) வேணும். லேபல் எண்டால் தனிப்பட்ட லிங்க் ஒண்டில டெமோ அனுப்புங்கோ, மூண்டையும் இல்லை, நல்லது ஒண்டை. பொதுவா வாற காசில பாதிப் பாதி. பாண்ட்காம்ப் நேர விக்கலாம், அவை டிஜிட்டலுக்கு 15 சதவீதம் எடுப்பினம், 5000 டொலருக்கு மேல வித்தால் 10. ஆனா அவை காசைப் பேபாலால அனுப்புறவை, எங்கட பக்கம் பேபாலால காசு அனுப்பலாம், உள்ள வாங்கிறதுதான் கன வருசமாத் தலையிடி. அதால பேயோனியர் எண்ட பணம் அனுப்புற சேவைக்கோ நேர பாங்குக்கோ அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டரைப் பாத்து எடுங்கோ. சேர முதல் பணம் குடுக்கிற முறை, ஆகக் குறைஞ்ச தொகை எவ்வளவு எண்ட இரண்டையும் வாசியுங்கோ. கன பெடியள் ரொறன்ரோ மச்சானின்ர பேர்ல கணக்குத் திறக்கினம், அது மச்சானும் நீங்களும் கோவிக்கும் மட்டும் சரி.

கேள்வி: தவில், நாதஸ்வரத்தை ட்ரான்ஸோட சேர்க்கலாமோ? (இணுவில்)

இணுவிலில இருந்து கேக்காமல் வேற எங்க இருந்து கேக்கிறது! தவில் வித்துவான் தட்சிணாமூர்த்தி மாதிரி ஆக்களைத் தந்த மண். சேர்க்கலாம், ஆனா கணக்குப் பாத்து. ஆதி தாளம் எண்டா சுகம், 8 அட்சரம், நாலு ஆவர்த்தனம் முடிய 32 பீற், ட்ரான்ஸின்ர பிரேஸும் அங்கதான் முடியும். மிஸ்ர சாபு 7. பீற்றுக்கு ஒண்டாப் போட்டால் இரண்டும் ஒண்டா வந்து சமத்தில (தாளத்தின்ர முதல் அடி) விழ 224 பீற் வேணும், 138இல 97 செக்கன். அவ்வளவு நேரம் சனம் தடுமாறட்டும் எண்டு துணிஞ்சு விட்டு, அந்தச் சமத்தில கிக்கை உள்ள விட்டால் என்னண்டு இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. எனக்கு உது ஆசை.

சுருதிக்கு, பாரி நாயனம் (நீளமான நாதஸ்வரம்) எண்டா 2 கட்டை, 2½ கட்டையில இருக்கும். 2 கட்டை எண்டால் டி, ஆகவே டி மைனர் பாட்டு, 7ஏ. ராகம் நடபைரவி எண்டா மைனரோட அப்பிடியே பொருந்தும், கரகரப்பிரியாவும் சமாளிக்கும். மாயாமாளவகௌளையைக் கொண்டுவந்து சூப்பர்சோக்கு மேல வச்சால் வித்துவானும் கோவிப்பார், நீங்களும் ஓடுவீங்கள். கமகம் அசையிற இடத்தில கோர்டை நிப்பாட்டி ஒரு சுரத்தை மட்டும் பிடியுங்கோ. தவில்காரர் போகப் போக வேகம் ஏத்துவார், பதியேக்கயே காதுக்குள்ள கிளிக் குடுங்கோ, பேந்து கொம்பியூட்டரில இழுத்துச் சரி பண்ண வெளிக்கிட்டால் அடியின்ர உயிர் போயிடும். கோயிலில ஃபோனால பதிஞ்சதைக் கேக்காமல் எடுத்து விக்கிற வேலை வேண்டாம், வாசிச்சவரிட்டக் கேளுங்கோ, காசும் குடுங்கோ. அப்பிடி ஒண்டு செய்தால் சாமத்தியவீட்டில மட்டும் போடாதேங்கோ, நாலாம் நிமிசம் ஒரு மாமா வந்து "தம்பி, பாட்டு எப்ப வரும்?" எண்டு கேப்பார்.

கேள்வி: ஏ.எல். எடுக்கப் போற மகன் ராவிரவா அறைக்குள்ள டும் டும் எண்டு லப்டொப்போட கிடக்கிறான். படிப்புப் போயிடுமோ? (ஒரு அம்மா, வட்டுக்கோட்டை)

அம்மா, ஆர்மின் வான் பியூரன் எண்டு நெதர்லாந்தில ஒருத்தர். 2001இல இருந்து கிழமைக்கு ஒருக்கா ட்ரான்ஸ் ரேடியோ நிகழ்ச்சி செய்யிறார், சொந்த லேபலும் இருக்கு. அவர் லைடன் பல்கலைக்கழகத்தில சட்டம் படிச்சு முடிச்ச ஆள், பாட்டையும் விடேல்ல. மகனுக்கு இதைச் சொல்லுங்கோ, ஆனா பாதியில நிப்பாட்டாதேங்கோ, முடிச்சவர் எண்ட இடத்தை அழுத்திச் சொல்லுங்கோ. லப்டொப்பைப் பறிக்க வேண்டாம். படிப்பு முடிச்சு பத்து மணிக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் எண்டு பேசி வையுங்கோ, ஹெட்போன் சத்தம் பாதிக்கு மேல போகக் கூடாது. அவன் போட்டிருக்கேக்க நீங்கள் பக்கத்தில நிண்டு சாதாரணமாக் கதைக்கிறது அவனுக்குக் கேக்க வேணும், கேக்காட்டிச் சத்தம் கூட.