அப்பா அம்மாவின் விசா 2033 வரை இருக்கிறது, இரண்டு மாதம் கூடுதலாக இருந்தால் அபராதம் எவ்வளவு?

உங்கள் கேள்வியின் சாரம் இது: நீங்கள் எச்-1பி வேலை விசாவில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி வந்து எட்டு மாதம் ஆகிறது. அப்பாவும் அம்மாவும் மார்ச் 10 அன்று வந்தார்கள், செப்டம்பர் 9 வரை தங்க அனுமதி. மனைவிக்கு ஆகஸ்ட் கடைசியில் பிரசவம் என்பதால் நவம்பர் வரை இருக்கட்டும் என்று நினைக்கிறீர்கள். துபாயில் அண்ணன் கூடுதலாக இருந்த ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் கட்டிவிட்டு வந்துவிட்டார், இங்கே எவ்வளவு என்று கேட்கிறீர்கள்.

இங்கே அப்படி ஒரு கவுண்டரே கிடையாது. துபாயில் நாள் கணக்கு, தாய்லாந்தில் நாளைக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000. அமெரிக்காவில் நீங்கள் பணத்தை நீட்டினாலும் வாங்க ஆளில்லை. கிளம்பும்போது குடிவரவு அதிகாரியைக்கூடப் பார்க்க மாட்டீர்கள். விமான நிறுவனம் அனுப்பும் பயணிகள் பட்டியல்தான் புறப்பாட்டுப் பதிவு. அதனால் "ஒன்றும் கேட்கவில்லையே" என்று ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். கணக்கு அடுத்த முறை சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் தீர்க்கப்படும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் பத்து வருட விசா, வாசல்வரை வந்து கதவைத் தட்டத்தான். உள்ளே எத்தனை நாள் என்பது ஐ-94 என்ற வருகைப் பதிவில் இருக்கும் தேதி. விமான நிலைய அதிகாரி பெரும்பாலும் ஆறு மாதம் கொடுப்பார். பாஸ்போர்ட் அதற்குள் காலாவதியானால் அந்தத் தேதியோடு நிறுத்திவிடுவதும் உண்டு. எனவே வந்த வாரமே சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் இருவரின் ஐ-94ஐயும் தனித்தனியாக இறக்கிப் பாருங்கள். இருவருக்கும் ஒரே தேதிதான் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நம்மவர்களுக்கு இங்கே ஒரு சின்னச் சிக்கல். தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டில் பலருக்கும் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். அமெரிக்க விசாவில் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் இடத்தில் போட்டு, முதல் பெயரில் எஃப்-என்-யூ ('முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம்) என்று மூன்றெழுத்து போடுவார்கள். அப்பாவின் பதிவு தேடிக் கிடைக்கவில்லை என்றால் பயப்படாமல் விசாவில் இருப்பதுபோலவே அடித்துத் தேடுங்கள். தேதியோ பெயரோ தவறாக இருந்தால் அந்தத் துறையின் 'டெஃபர்டு இன்ஸ்பெக்‌ஷன்' அலுவலகத்தில் திருத்தலாம்.

இப்போது விளைவுகள். செப்டம்பர் 9ஐத் தாண்டி ஒரே ஒரு நாள் இருந்தாலும் அந்த 2033 விசா தானாகவே செல்லாததாகிவிடும். யாரும் வந்து முத்திரை குத்த மாட்டார்கள், ஆனால் சட்டப்படி அது செத்த விசா. மறுபடி வர, சொந்த நாட்டில் புதிதாக விண்ணப்பித்து நேர்காணலில் காரணம் சொல்ல வேண்டும். இது முதல் படி.

அடுத்தது 1996 சட்டம் கொண்டுவந்த தடைகள். 180 நாளுக்கு மேல், ஒரு வருடத்துக்குள் அனுமதியின்றி இருந்து தாங்களாகவே கிளம்பினால் மூன்று வருடம் உள்ளே வர முடியாது. ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் பத்து வருடம். உங்கள் கணக்கில் செப்டம்பர் 10 முதல் நாள். பிப்ரவரிக்கு 28 என்று வைத்தால் மார்ச் 8 உடன் 180 முடிகிறது. நவம்பரில் கிளம்பினால் இந்தத் தடை வராது, விசா மட்டும் போகும். 'மட்டும்' என்று எழுதிவிட்டேன். வயதானவர்களை மறுபடி நேர்காணலுக்கு அலையவிடுவதும், மறுத்துவிட்டால் பேரனைப் பார்க்கவே முடியாமல் போவதும் சின்ன விஷயமில்லை.

தடை விழுந்தபின் விலக்கு கேட்கலாமே என்பார்கள். கிரீன் கார்டு பாதையில் அந்த விலக்குக்கு, குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ உள்ள கணவன், மனைவி, பெற்றோர் படும் கஷ்டத்தைத்தான் காட்ட முடியும். பிள்ளைகள் அந்தப் பட்டியலில் இல்லை. அதாவது நீங்கள் நாளை குடிமகன் ஆனாலும் உங்கள் கஷ்டம் கணக்கில் வராது.

நேர்வழி ஐ-539, அதாவது தங்கும் காலத்தை நீட்டிக்கக் கேட்கும் மனு. கெடு முடிவதற்குள் போட வேண்டும். 45 நாள் முன்பே, அதாவது ஜூலை 26 வாக்கில் போட்டுவிடுங்கள். 2024 ஏப்ரல் கட்டணப்படி இணையத்தில் 420 டாலர், காகிதத்தில் 470. அப்பா விண்ணப்பதாரர், அம்மா இணை விண்ணப்பதாரர் என்று ஒரே மனுவில் போடலாம். இணைக்க வேண்டியவை: ஐ-94, பாஸ்போர்ட் பக்கங்கள், புதிய தேதியிட்ட திரும்பும் டிக்கெட், வங்கி அறிக்கை, ஊரில் வீடு, பென்ஷன் போன்ற திரும்பிப் போவதற்கான சான்று, காரணம் சொல்லும் ஒரு பக்கக் கடிதம். கடிதத்தில் "குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை" என்பதே முழுக் காரணமாக இருந்தால், சம்பளமில்லா ஆயா வேலை என்று பார்க்கப்பட வாய்ப்புண்டு. பிரசவத்தில் மருத்துவச் சிக்கல் உண்மையிலேயே இருந்தால் மருத்துவரின் கடிதத்தோடு சொல்லுங்கள். பொய்க் காரணம் மட்டும் வேண்டாம்.

காலத்துக்குள் போட்ட மனு நிலுவையில் இருக்கும்வரை அந்த 180 நாள் கடிகாரம் ஓடாது. ஆனால் நவம்பர் 9 வரை கேட்டிருந்தால், பதில் வராவிட்டாலும் அன்றைக்குள் கிளம்பிவிட வேண்டும். மறுப்பு வந்தால் மறுநாளே கடிகாரம் ஓடத் தொடங்கும், பெட்டி கட்ட வேண்டியதுதான். மனு ரசீதையும் போர்டிங் பாஸையும் பத்திரப்படுத்துங்கள், அடுத்த நேர்காணலில் அவைதான் சாட்சி. டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் கூடுதலாகத் தங்கியதுண்டா என்று நேரடியாகவே கேட்பார்கள். அங்கே பொய் சொன்னால் அது தனிக் குற்றச்சாட்டு, அதற்கான தடைக்கு முடிவுத் தேதியே இல்லை.

கனடாவுக்கு நாலு நாள் போய் வந்தால் புது ஆறு மாதம் கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். முப்பது நாளுக்குள் திரும்பினால் பழைய ஐ-94 தேதியே தொடரலாம், நம்பிப் போகாதீர்கள். பிரிட்டன், பிரான்ஸ் பாஸ்போர்ட்டில் விசா இல்லாமல் 90 நாளுக்கு வரும் ஈழத்து உறவினர்களுக்கு நீட்டிப்பே கிடையாது, அவர்களுக்கு மேலே சொன்ன ஐ-539 பொருந்தாது.

டிக்கெட் போடும்போது நேரத்தையும் பாருங்கள். நவம்பர் 9 கெடு என்றால், பயண ஏஜென்ட் '9ஆம் தேதி ராத்திரி' என்று சொல்லும் 12.40 மணி விமானம் உண்மையில் 10ஆம் தேதி விமானம். 11.20க்குக் கிளம்ப வேண்டியது தாமதமானாலும் அதே கதைதான். இரண்டு மூன்று நாள் முன்னதாகவே போட்டுவிடுங்கள்.