பழைய ஈதர் பாட்டில், மூடியில் வெள்ளைப் படிகம்: தொடாதீர்கள்

வணக்கம். வேதியியல் துறை ஸ்டோரில் தேதி எழுதாத டை எத்தில் ஈதர் பாட்டில் கிடக்கிறது, மூடியைச் சுற்றி வெள்ளைப் படிகம் தெரிகிறது, திறந்து பெராக்சைடு ஸ்ட்ரிப் (பெராக்சைடு அளவைக் காட்டும் சோதனைத் தாள்) வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். அந்தப் படிகம், ஈதரில் காற்றுபட்டு நாளடைவில் உண்டாகும் பெராக்சைடு என்ற வெடிபொருளாக இருக்கலாம். மூடியைத் திருகும் உராய்வே வெடிக்கப் போதும். படிகம் சேர்வதும் அந்த மரை இடுக்கில்தான். நகர்த்தவும் கூடாது. அறையைப் பூட்டி, கதவில் எழுதி ஒட்டி, சாவியைத் துறைத்தலைவரிடம் கொடுத்துவிட்டு, பாதுகாப்பு அலுவலர் மூலம் வெடிபொருள் கையாளத் தெரிந்தவர்களை வரவழையுங்கள். ஸ்டோர் உதவியாளருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் நேரில் சொல்லுங்கள்; சுற்றறிக்கை பெரும்பாலும் அவர்களிடம் போய்ச் சேருவதில்லை.

ஸ்ட்ரிப் சோதனை, தேதி தெரிந்த, படிகமில்லாத பாட்டில்களுக்கு மட்டும். பெராக்சைடு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) எட்டினால் பயன்படுத்தாதீர்கள், கழிவு அகற்றலுக்கு ஒப்படையுங்கள். வந்த தேதி, திறந்த தேதி இரண்டும் லேபிளில் இருக்கட்டும். திறந்த ஈதரை 6 மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். இதேபோல் பெராக்சைடு உண்டாகும் இன்னொரு கரைப்பான் டெட்ராஹைட்ரோஃபியூரான்; அதன் எச்பிஎல்சி தரத்தில் (பகுப்பாய்வுக் கருவிக்கான தூய வகை) பெராக்சைடு உருவாவதைக் குறைக்கும் தடுப்பானைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை என்பதால் அதற்கு 3 மாதமே அதிகம்.

ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும் என்பார்கள், நம்பாதீர்கள். குளிர் பெராக்சைடைத் தடுக்காது. வீட்டு ஃப்ரிட்ஜின் தெர்மோஸ்டாட் பொறி ஈதர் ஆவியைப் பற்றவைத்துவிடும். ஈதரைக் காய்ச்சி வடிக்கும்போதும் பெராக்சைடு அடியில் செறிந்துவிடும் என்பதால் முழுக்க வற்றவிடாதீர்கள், பத்தில் ஒரு பங்காவது குடுவையில் மிஞ்சட்டும்.