பல் பிடுங்கிய குழி ஆறாதபோது

யாங்கோன் வாசகர்: கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி நான்கு நாட்களாகின்றன. குறைந்திருந்த வலி நேற்றிலிருந்து காதுவரை குத்துகிறது. சீழ் பிடித்துவிட்டதா, ஐயா?

பதில்: அடங்கிய வலி மூன்றாம், நான்காம் நாளில் திரும்பி வந்து காதுப் பக்கம் ஏறுமானால், பெரும்பாலும் அது சீழ் அன்று, குழியை மூடியிருந்த இரத்தக்கட்டி கரைந்தோ பெயர்ந்தோ போய், அடியிலுள்ள எலும்பு வெறுமையாக நிற்பதே காரணம். இதை உலர் குழி என்கிறோம். கருஞ்சிவப்புக் கட்டி இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய எலும்பு தெரியும், வாயும் நாறும். கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவதால் இவ்வலி தீராது. பல் மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் பெரும்பாலும் விரைவில் தணியும். காய்ச்சல், கன்ன வீக்கம், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமை ஆகியவை சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பெகு வாசகர்: பல் பிடுங்கிய பின் வெற்றிலை போடலாமா? மறுபக்கக் கன்னத்தில்தானே ஒதுக்குகிறேன்?

பதில்: வேண்டாம், ஐயா. தெருமுனைக் கடையில் இலைமீது தடவித் தரும் சுண்ணாம்பு பச்சைப் புண்ணை அரிக்கும்; புகையிலையின் நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும்; எச்சிலை உறிஞ்சித் துப்பும் ஒவ்வொரு முறையும் கட்டி பெயரக்கூடும். எந்தக் கன்னத்தில் ஒதுக்கினாலும் சாறு வாய் முழுவதும் பரவும். ஈறு மூட மூன்று, நான்கு வாரங்களாகும்; அதுவரையாவது விட்டுவிடுங்கள், விட்ட பிறகு திரும்பத் தொடாதீர்கள். புகையிலை சேர்க்காத வெற்றிலைபாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதி கூறுகிறது. நெடுநாள் வெற்றிலை போட்டவருக்குப் பல் தானாக ஆடி, பிடுங்கிய இடம் மூன்று வாரங்களாகியும் ஆறாமல் சதை வளருமானால், அதைச் சாதாரணப் புண்ணென்று விடாமல் சதைத் துணுக்கெடுத்துச் சோதிக்க வேண்டும். நான் மிகவும் அஞ்சுவது இந்தத் தாமதத்தைத்தான்.

தட்டோன் வாசகி: அம்மா எலும்புத் தேய்வுக்காக வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் சாப்பிடுகிறார். பல் பிடுங்கலாமா?

பதில்: பிடுங்கலாம், அம்மா, ஆனால் எத்தனை ஆண்டுகளாகச் சாப்பிடுகிறார் என்பதைப் பல் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். இம்மருந்து எலும்பின் புதுப்பிப்பை மெதுவாக்குவதால் தாடை எலும்பு செத்துப்போகும் ஆபத்து உண்டு. வார மாத்திரையில் அது மிகக் குறைவு, புற்றுநோய்க்காகப் போடும் ஊசிகளிலோ பன்மடங்கு அதிகம். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். எட்டு வாரங்களுக்கு மேலும் எலும்பு வெளியே தெரிந்தால் வாய், முக அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

யாங்கோன் வாசகி: ஈற்றிலிருந்து ஊசிபோல வெள்ளைத் துண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது.

பதில்: உடைந்த எலும்புச் சிம்பாக இருக்கலாம், பெரும்பாலும் தானே வெளியேறும். இடுக்கியால் இழுக்காதீர்கள்; இரண்டு வாரத்தில் விழாவிட்டால் மருத்துவர் எடுத்துவிடுவார்.